லங்கட் கேட்ட நகல்

1

பெங்களூருவில் நான் முதலில் வேலை பார்த்த டீமில் லக்னோ பக்கத்துக்காரர் ஒருவர் இருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். எங்கள் டிக்கெட் ஏதாவது ஒன்று இந்த டீமிலிருந்து அந்த டீமுக்கு, அங்கிருந்து இன்னொரு டீமுக்கு, கடைசியில் திரும்பவும் எங்களுக்கே என்று மாதக்கணக்கில் சுற்றிக்கொண்டிருந்தால், "இது லங்கட் ஆயிடுச்சு" என்பார். ஹிந்தியில் லங்கட் என்றால் நொண்டி. டிக்கெட் நொண்டுகிறது என்கிறார் போல என்று நினைத்திருந்தேன். ஒருநாள் டீ குடிக்கும்போது கேட்டுவிட்டேன்.

"அது ஒரு ஆளோட பேரு. தாசில் ஆபீஸ்ல ஒரு நகல் கேட்டு மனு போட்டான். இன்னும் கிடைக்கலை."

"எப்ப போட்டான்?"

"1968ல."

ஸ்ரீலால் சுக்ல எழுதிய 'ராக் தர்பாரி' நாவல் எனக்கு அறிமுகமானது இப்படித்தான். புத்தகத்தைப் படிக்காதவர்கூட அதன் பாத்திரங்களின் பெயர்களை அன்றாடப் பேச்சில் புழங்குவார்கள் என்று அவர் சொன்னபோது கொஞ்சம் மிகையாகத்தான் தோன்றியது. பிறகு தமிழில் 'தர்பாரி ராகம்' என்ற பெயரில் சரஸ்வதி ராம்நாத்தின் மொழிபெயர்ப்பு இருப்பது தெரிந்து, தேடிப் பிடித்து வாங்கினேன். வெள்ளிக்கிழமை இரவு ஊருக்குப் போகும் பஸ்ஸில் செல்போன் வெளிச்சத்தில் படித்தேன். பக்கத்து சீட்டுக்காரர் இரண்டு தடவை திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தேன்.

லங்கட் வரும் இடத்திலும் முதலில் சிரிக்கத்தான் செய்தேன். அப்புறம் அப்பா ஞாபகம் வந்தது. புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் அந்த ஊரைப் பற்றியும், அந்த ஊரை உண்டாக்கிய இருபது வருட வரலாற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

2

ஊரின் பெயர் சிவ்பால்கஞ்ச். உத்தரப் பிரதேசத்தில், நகரத்திலிருந்து லாரியில் போகும் தூரத்தில் இருக்கும் கற்பனை ஊர். கிராமம் என்றும் சொல்லலாம், சின்ன டவுன் என்றும் சொல்லலாம். போலீஸ் ஸ்டேஷன் இருக்கிறது, கூட்டுறவு யூனியன் இருக்கிறது, இன்டர் காலேஜ் இருக்கிறது. காலேஜ் என்று பெயரே தவிர, நம் கணக்குப்படி அது ஒரு மேல்நிலைப்பள்ளி.

ரங்கநாத் என்ற இளைஞன் எம்.ஏ. முடித்துவிட்டு ஆராய்ச்சி செய்கிறான். உடம்பு சரியில்லை. சில மாதம் நல்ல காற்று, நல்ல சாப்பாடு என்று இருக்கலாமென்று தாய்மாமன் வீட்டுக்கு வருகிறான். வரும் வழியில் ஏறிக்கொண்ட லாரியின் கியர், எத்தனை தடவை போட்டாலும் தானாக நழுவி நியூட்ரலுக்கு வந்துவிடுகிறது. இந்த நாட்டு நிர்வாகமும் இப்படித்தானே என்று அவனுக்குத் தோன்றுகிறது. நாவலின் தொனி முதல் சில பக்கங்களிலேயே அமைந்துவிடுகிறது.

அந்தத் தாய்மாமன்தான் வைத்யஜி. தொழிலுக்கு ஆயுர்வேதம். பிரம்மச்சரியத்தின் மகிமையைப் போதித்து, இளைஞர்களுக்கு மாத்திரை கொடுக்கிறவர். காலேஜின் மேனேஜர் அவர்தான், கூட்டுறவு யூனியனின் மேனேஜிங் டைரக்டரும் அவர்தான். குரலை உயர்த்த மாட்டார், கெட்ட வார்த்தை பேச மாட்டார். அவருக்காக மற்றவர்கள் பேசுவார்கள், தேவைப்பட்டால் அடிப்பார்கள். மூத்த மகன் பத்ரி, பயில்வான். இளையவன் ருப்பன், மாணவர் தலைவன். பத்தாம் வகுப்பின் மேல் அவனுக்கு அப்படி ஒரு பிரியம், வருஷக்கணக்காக அதைவிட்டு நகர மனசே வரவில்லை. வீட்டு வாசலில் பனியனும் அண்டர்வேருமாக உட்கார்ந்து பாங்கு அரைக்கும் சனீச்சர் என்று ஒரு வேலைக்காரன். கதை முடிவதற்குள் அவன் கிராமப் பஞ்சாயத்துத் தலைவர் ஆகிவிடுகிறான்.

இந்த ஊரில் நல்லவர் என்று யாரையும் காட்ட முடியாது. முழுக் கெட்டவர் என்றும் காட்ட முடியாது. காலேஜில் மோதிராம் மாஸ்டர் ஒப்படர்த்தி நடத்துகிறார். அவருக்குச் சொந்தமாக மாவு மில் உண்டு. அதனால் ஒப்படர்த்தியையும் மாவு மில்லை வைத்துத்தான் விளக்குகிறார். தூரத்தில் மில் இன்ஜின் சத்தம் கேட்டதும் பாடத்தை விட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறார். நான்கு வருடம் இன்ஜினியரிங் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், எனக்கு அவரைப் பார்க்கப் புதிதாக இல்லை.

கூட்டுறவு யூனியனில் சூப்பர்வைசர் ஒருவர் குடோனிலிருந்த கோதுமையை லாரியில் ஏற்றிக்கொண்டு காணாமல் போகிறார். வைத்யஜி இதற்கு வருத்தப்பட வேண்டும். அவரோ நிம்மதி அடைகிறார். எல்லா யூனியனிலும் கையாடல் நடக்கிறது, நம்முடையதில் மட்டும் நடக்கவில்லை என்றால் எதையோ மறைக்கிறோம் என்றல்லவா ஜனங்கள் சந்தேகப்படுவார்கள்? இப்போது நடந்துவிட்டது, இனி நாம் நேர்மையான யூனியன் என்பது அவர் வாதம். போன பணத்தை அரசாங்கம் மானியமாகத் தர வேண்டும் என்று தீர்மானமும் போடுகிறார்கள்.

இதைப் படித்து எவ்வளவு வேண்டுமானாலும் சிரிக்கலாம். ஆனால் சிரித்து முடித்ததும் ஒரு விஷயம் உறுத்துகிறது. கூட்டுறவு, பஞ்சாயத்து, காலேஜ் கமிட்டி, தேர்தல் என்று இந்த ஊரில் கேலிக்கு ஆளாகும் ஒவ்வொன்றும் சுதந்திர இந்தியா மிகுந்த நம்பிக்கையோடு கிராமத்துக்கு அனுப்பி வைத்த பொருள்.

3

கொஞ்சம் வரலாற்றுக்கு வருவோம்.

உத்தரப் பிரதேசத்தின் பஞ்சாயத்து ராஜ் சட்டம் 1947லேயே வந்துவிட்டது. கிராம சபை, கிராம நீதிமன்றம் இரண்டுக்கும் அதில் இடம் இருந்தது. 1948இல் எட்டாவா மாவட்டத்தில் ஆல்பர்ட் மேயர் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞரின் யோசனைப்படி முன்னோடி வளர்ச்சித் திட்டம் ஒன்று தொடங்கியது. நல்ல விதை, உரம், ஊர்மக்களோடு கூடிப் பேசி வேலை செய்யும் கிராம ஊழியர்கள் என்பது அதன் அடிப்படை. அந்த அனுபவத்தையும் வைத்துத்தான் 1952 அக்டோபர் 2, காந்தி பிறந்தநாளில், நாடு முழுவதும் 55 இடங்களில் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பட்டது. நம்மூரில் இன்றும் பி.டி.ஓ. ஆபீஸ் என்கிறோமே, அந்த பிளாக் என்ற ஏற்பாட்டின் வேர் அங்கேதான்.

அதே 1952இல், ஜூலை 1 முதல், உத்தரப் பிரதேசத்தில் ஜமீன்தாரி ஒழிப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பெரிய காரியம்தான். பல தலைமுறையாக வாரம் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் இனி நேரடியாக அரசுக்கு வரி கட்டினால் போதும். ஆனால் சட்டத்தில் சில கதவுகள் திறந்தே இருந்தன. ஜமீன்தார் தானே பயிர் செய்வதாகக் கணக்கில் காட்டிய நிலம் அவரிடமே நின்றது. தானே பயிர் செய்வது என்றால் தானே ஏர் பிடிப்பது என்று பொருளில்லை, கூலி ஆள் வைத்துச் செய்தாலும் அது சொந்தப் பயிர்தான். குத்தகைதாரர்களில் ஆண்டு வாரத்தைப் போலப் பத்து மடங்கைக் கட்ட முடிந்தவர்களுக்கு நிலத்தில் முழு உரிமை கிடைத்தது. கட்ட முடியாதவர்களுக்கு உரிமை குறைவு. நிலமே இல்லாதவர்களுக்கு ஒன்றும் இல்லை. மேலே இருந்த பெரிய ஜமீன்தார் இறங்கினார், ஊருக்குள் ஏற்கனவே வலுவாக இருந்தவர் இன்னும் வலுவானார்.

இந்த நேரத்தில்தான் பஞ்சாயத்து, கூட்டுறவு, பிளாக், பள்ளிக் கமிட்டி எல்லாம் வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவர் வேண்டும். எழுதப் படிக்கத் தெரிந்த, அதிகாரிகளோடு பேசத் தெரிந்த, ஊர் பயப்படுகிற ஒருவர் வேண்டும். அப்படிப்பட்டவர் ஊரில் ஏற்கனவே இருந்தார்.

வைத்யஜியின் பொதுவாழ்வைச் சுக்ல ஒரு சின்னப் பகுதியில் சொல்லிவிடுகிறார். வெள்ளைக்காரன் காலத்தில் வைத்யஜி வெள்ளைக்காரனுக்கு விசுவாசமாக இருந்தார். சொந்த ஆட்சி வந்ததும் சொந்த ஆட்சியாளர்களுக்கு விசுவாசமானார். உலகப்போரின்போது பட்டாளத்துக்கு ஆள் சேர்த்துக் கொடுத்தது தேச சேவை. இன்று தன் அரசியல் கோஷ்டிக்கு ஆள் சேர்ப்பதும் தேச சேவை. அன்று கோர்ட்டு நியமித்த பொறுப்புகள், வரி வசூல் பொறுப்பு. இன்று மேனேஜர், மேனேஜிங் டைரக்டர். பதவி ஆசை அவருக்குத் துளியும் கிடையாது. பொறுப்பான வேலைக்கு வேறு ஆள் இல்லாததால், பாவம், தானே சுமக்கிறார்.

நாற்காலியின் பெயர் மாறியது, உட்கார்ந்திருந்தவர் மாறவில்லை. 1957இல் பல்வந்த்ராய் மேத்தா குழு சமுதாய வளர்ச்சித் திட்டத்தை ஆராய்ந்து, மக்களின் சொந்த முயற்சியை அது எழுப்பவில்லை என்று சொல்லி, மூன்றடுக்குப் பஞ்சாயத்து முறையைப் பரிந்துரைத்தது. குழு அறிக்கையின் மொழியில் 'மக்களின் முயற்சி எழவில்லை' என்பது ஒரு வரி. அந்த வரிக்குள் யார் யார் இருந்தார்கள், அவர்கள் சாயங்காலம் எங்கே உட்கார்ந்து பாங்கு குடித்தார்கள், தேர்தலன்று கடிகாரத்தை எப்படி முன்னால் நகர்த்தி வைத்தார்கள் என்பதெல்லாம் அறிக்கையில் வராது. நாவலில் வருகிறது. அதனால்தான் இதை ஒரு வரலாற்று ஆவணமாகவும் படிக்க முடிகிறது.

தலைப்பிலும் இந்தக் குத்தல் உண்டு. தர்பாரி என்பது அக்பர் சபையின் தான்சேனோடு சேர்த்துச் சொல்லப்படும் ராகம். ராஜ சபையில் பாடப்படுவது, கம்பீரமானது. ராஜா போய்விட்டார். சபை மட்டும் வைத்யஜியின் வாசலில் நடக்கிறது. சுற்றி இருப்பவர்கள் அதே ராகத்தைப் பாடிக்கொண்டிருக்கிறார்கள்.

4

இப்போது லங்கட்.

அவன் பக்கத்துக் கிராமத்துக்காரன். கால் ஊனம், கழுத்தில் துளசி மணி, பக்திமான். ஒரு பழைய வழக்கின் தீர்ப்பு நகல் அவனுக்குத் தேவைப்படுகிறது. இந்தத் 'தேவை' என்ன என்பதைப் புரிந்துகொண்டால்தான் அவன் நிலைமை புரியும். நம் நிர்வாக முறையில் அசல் எப்போதும் ஆபீஸில் இருக்கும். நிலம் உன்னுடையது, வழக்கு உன்னுடையது, ஆனால் அதற்கான காகிதம் உன்னுடையது இல்லை. உனக்குக் கிடைப்பது நகல். அதற்கு மனு எழுதி, ஸ்டாம்ப் ஒட்டி, கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஜெராக்ஸ் இல்லாத காலம். நகல் எழுதுவதற்கென்றே ஆபீஸில் ஒரு குமாஸ்தா உண்டு. அவர் உட்கார்ந்து எழுதினால்தான் உன் நிலம் உன் கைக்கு வரும்.

குமாஸ்தா ஐந்து ரூபாய் கேட்கிறார். ரேட்டு இரண்டு ரூபாய்தானே என்கிறான் லங்கட். வாக்குவாதம் முற்றுகிறது. கோபத்தில் இரண்டு பேரும் சபதம் எடுக்கிறார்கள். லஞ்சம் வாங்க மாட்டேன், சட்டப்படிதான் நகல் தருவேன் என்கிறார் குமாஸ்தா. லஞ்சம் கொடுக்க மாட்டேன், சட்டப்படிதான் நகல் வாங்குவேன் என்கிறான் லங்கட். இரண்டு நேர்மையாளர்கள் எதிரெதிரே நிற்கிறார்கள். அன்றோடு நகல் கிடைப்பதற்கான வாய்ப்பு போய்விடுகிறது.

முழு நாவலிலும் சட்டம் ஒரு எழுத்துப் பிசகாமல் பின்பற்றப்படுவது லங்கட் விஷயத்தில்தான். மனுவில் ஒரு குறை, திரும்ப வருகிறது. சரி செய்து கொடுக்கிறான். இன்னொரு குறை. அவன் நொண்டி நொண்டி வருவதும் போவதுமாக இருக்கிறான். ஊர்க்காரர்கள் அவனைக் கண்டால், "என்னப்பா, நகல் வந்துச்சா?" என்று கேட்டுச் சிரிக்கிறார்கள். அவனுக்குக் கோபம் வருவதில்லை. இது சத்தியத்துக்கான சண்டை என்கிறான். கடைசியில் நகல் தயாராகிறது. நோட்டீஸ் போர்டில் அறிவிப்பு ஒட்டுகிறார்கள். அந்தச் சமயம் பார்த்து அவனுக்குக் காய்ச்சல். கெடுவுக்குள் வந்து வாங்காததால் விதிப்படி அந்த நகலைக் கிழித்துவிடுகிறார்கள். எல்லாம் விதிப்படிதான்.

இதே காலத்தில் டெல்லியில் ஒரு குழு வேலை செய்துகொண்டிருந்தது. 1962இல் நியமிக்கப்பட்ட ஊழல் தடுப்புக் குழு. தலைவர் கே. சந்தானம், தமிழர், சுதந்திரப் போராட்ட வீரர், அரசியல் நிர்ணய சபை உறுப்பினர். 1964இல் அந்தக் குழு அறிக்கை தந்தது. மத்திய லஞ்சக் கண்காணிப்பு ஆணையம் அதன் விளைவுதான். அந்த அறிக்கை 'வேகப் பணம்' பற்றிப் பேசுகிறது. லஞ்சம் கொடுப்பவர் பல நேரங்களில் தப்பான காரியம் எதையும் கேட்பதில்லை, நியாயமாக நடக்க வேண்டியது சீக்கிரம் நடக்கட்டும் என்றுதான் கொடுக்கிறார் என்பதை அது கவனித்தது. இங்கே தாமதம்தான் விற்பனைச் சரக்கு. சரக்கு விலை போக வேண்டுமென்றால் முதலில் தாமதம் இருந்தாக வேண்டும்.

சந்தானம் குழு கண்டதையே சுக்லவும் கண்டார். குழுவுக்குத் தெரிந்தது ஒரு பிரச்சினை, சுக்லவுக்குத் தெரிந்தது ஒரு ஆள். அந்த ஆளைப் பார்த்துச் சிரிக்கும் ஊரும் தெரிந்தது.

5

சுக்லவுக்கு எப்படித் தெரியும்? அவர் அந்த ஆபீஸுக்குள்ளேயே இருந்தவர். 1925இல் லக்னோ மாவட்டத்து அத்ரௌலி கிராமத்தில் பிறந்து, அலகாபாத்தில் படித்து, 1949இல் மாநில சிவில் சர்வீஸில் சேர்ந்தார். பிறகு ஐ.ஏ.எஸ். ஆகி 1983இல் ஓய்வு பெற்றார். லங்கட்டின் மனு எந்த மேஜையில் நிற்கும், ஏன் நிற்கும் என்பதை எதிர்ப்பக்கத்து நாற்காலியிலிருந்து பார்த்தவர்.

அரசு ஊழியர் இப்படி ஒரு நாவலை வெளியிட அரசின் அனுமதி வேண்டும். சுக்ல அனுமதி கேட்டு எழுதியதாகவும், பதில் வராமல் மாதக்கணக்கில் இழுத்ததாகவும், வேலையை விட்டுவிடலாம் என்று முடிவெடுத்து நக்கலாக ஒரு கடிதம் எழுதிய பிறகுதான் அனுமதி வந்ததாகவும் ஒரு கதை சொல்வார்கள். உண்மையாக இருந்தால், லங்கட்டைப் படைத்தவரும் சில காலம் லங்கட்டாக இருந்திருக்கிறார்.

நாவல் 1968இல் வந்தது. அதற்கு முந்தைய வருடம்தான் பல மாநிலங்களில் காங்கிரஸ் தோற்றிருந்தது. இங்கே தி.மு.க. ஆட்சிக்கு வந்த அதே தேர்தல். உத்தரப் பிரதேசத்தில் சில வாரங்களிலேயே காங்கிரஸ் அரசு கவிழ்ந்து சரண் சிங் முதல்வரானார். இருபது வருட நம்பிக்கை தளர்ந்திருந்த நேரம். அந்தத் தளர்ச்சியைச் சிரிப்பாக மாற்றித் தந்த புத்தகத்துக்கு 1969ஆம் ஆண்டின் சாகித்ய அகாதமி விருது கிடைத்தது. எல்லோருக்கும் பிடித்துவிடவில்லை. பிரேம்சந்தின் மகனும் விமர்சகருமான ஸ்ரீபத் ராய், இது அலுப்பின் பெருநூல் என்கிற மாதிரி எழுதினார்.

பிரேம்சந்தின் 'கோதான்' 1936இல் வந்தது, ரேணுவின் 'மைலா ஆஞ்சல்' 1954இல் வந்தது. அவற்றின் கிராமத்தில் துயரம் இருந்தது, கூடவே மனிதர்மேல் பிடிப்பும் இருந்தது. அதற்குப் பழகிய வாசகருக்கு, யார்மேலும் பிடிப்பு இல்லாத சிவ்பால்கஞ்ச் அலுத்திருக்கும்.

எனக்கு அலுக்கவில்லை. வேறு குறைகள் தெரிந்தன. இந்த ஊரில் பெண்கள் ஏறக்குறைய இல்லவே இல்லை. பேலா என்ற பெண்ணைப் பற்றி ஊரே பேசுகிறது, காதல் கடிதம் பற்றி, கல்யாணம் பற்றி, மானம் பற்றி. அவள் பேசுவது நம் காதில் விழுவதே அபூர்வம். தலித் குடியிருப்பு ஊருக்கு வெளியே இருக்கிறது, நாவலுக்கும் வெளியேதான் இருக்கிறது. ஓட்டு வேண்டும்போது மட்டும் கதை அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிறது. வைத்யஜி வாசலில் உட்கார்ந்து பார்த்தால் எவ்வளவு ஊர் தெரியுமோ அவ்வளவுதான் தெரிகிறது. அதிகாரத்தை இவ்வளவு கூர்மையாகக் கிண்டல் செய்த கதைசொல்லி, அந்த அதிகாரம் யார் முதுகில் நிற்கிறது என்று குனிந்து பார்க்கவில்லை. இது சுக்லவின் குறை மட்டும்தானா, அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியின் குறையுமா? இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

6

லங்கட்டின் கதை நாவலோடு முடியவில்லை. கால் நூற்றாண்டு கழித்து, பக்கத்து மாநிலமான ராஜஸ்தானில் அது தொடர்ந்தது.

1990இல் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற உழைப்பாளர் அமைப்பு அங்கே உருவானது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான அருணா ராய் சென்னையில் பிறந்தவர், ஐ.ஏ.எஸ். வேலையை உதறிவிட்டுக் கிராமத்துக்குப் போனவர். வறட்சி நிவாரண வேலை செய்தவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி கிடைக்கவில்லை. கேட்டால், நீங்கள் அவ்வளவு வேலை செய்யவில்லை, பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறது என்றார்கள். சரி, அந்தப் பதிவேட்டைக் காட்டுங்கள் என்றார்கள் இவர்கள். அங்கேதான் போராட்டத்தின் திசை மாறியது. கூலி கேட்டவர்கள் காகிதம் கேட்கத் தொடங்கினார்கள்.

1994 டிசம்பரிலிருந்து ஊர் ஊராகப் பொது விசாரணை நடத்தினார்கள். கையில் கிடைத்த பில்லையும் வருகைப் பதிவேட்டையும் ஊர் நடுவே வாசித்தார்கள். செத்துப்போனவர் பெயரில் கூலி, கட்டாத கட்டடத்துக்கு பில். கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு அந்தப் பெயர்களும் தெரியும், அந்தக் கட்டடங்களும் தெரியும். 1995இல் முதலமைச்சர் பைரோன் சிங் ஷெகாவத், பஞ்சாயத்து ஆவணங்களின் நகலை மக்கள் பெறலாம் என்று சட்டசபையில் அறிவித்தார். ஆனால் ஆணை வரவில்லை. 1996 ஏப்ரலில் பியாவர் என்ற ஊரில் தர்ணா தொடங்கியது. 40 நாள் நடந்தது. அவர்கள் கேட்டது நிலம் இல்லை, கடன் தள்ளுபடி இல்லை. ஜெராக்ஸ் கேட்டார்கள். பதிவேட்டின் நகல்.

பியாவரும் ஒரு சின்ன ஊர்தான். காய்கறி வியாபாரிகளும் கடைக்காரர்களும் தர்ணாக்காரர்களுக்கு உதவினார்கள். சிவ்பால்கஞ்ச் மாதிரி அவர்கள் சிரிக்கவில்லை. 2005இல் வந்த தகவல் உரிமைச் சட்டத்துக்கு இந்தப் போராட்டம் முக்கியமான ஒரு தொடக்கம். இப்போது சட்டப்படி 30 நாளில் பதில் வர வேண்டும்.

ஒரே கோரிக்கை, லங்கட் தனியாகக் கேட்டபோது கோமாளித்தனமாகத் தெரிந்தது. நூறு பேர் சேர்ந்து தெருவில் உட்கார்ந்தபோது சட்டமானது. லங்கட்டிடம் எந்தத் தப்பும் இல்லை. அவன் பக்கத்தில் உட்கார ஆள் இல்லை, அவ்வளவுதான். சிவ்பால்கஞ்சில் உட்கார்ந்திருக்கக்கூடிய ஒரே ஆள் ரங்கநாத். படித்தவன், நேரம் இருந்தது, எது நியாயம் என்று தெரிந்தது. அவன் லங்கட்டுக்காக வருத்தப்படுகிறான். கோபப்படுகிறான். யோசிக்கிறான். கடைசியில் கன்னா மாஸ்டர் என்ற ஆசிரியரை மிரட்டி ராஜினாமா வாங்கிவிட்டு, அந்த வேலையை ரங்கநாத்துக்கே கொடுக்கிறேன் என்று பிரின்சிபால் சொல்லும்போது அவனுக்கு அருவருப்பு வருகிறது. ஊரைவிட்டுத் தப்பி ஓடுவதைப் பற்றித்தான் அப்போதும் அவன் மனம் பாடுகிறது.

முதல் தடவை படித்தபோது இந்த நாவல் வைத்யஜியைக் கிண்டல் செய்கிறது என்று நினைத்தேன். இப்போது அது ரங்கநாத்தைப் பற்றியது என்று நினைக்கிறேன்.

7

அப்பா நடுநிலைப்பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். தாத்தா நிலத்தில் அப்பாவின் பங்கு 40 சென்ட். உட்பிரிவு செய்து தன் பெயருக்குப் பட்டா மாற்ற மனு கொடுத்தார். ஆபீஸுக்கு எதிரே இருந்த ஜெராக்ஸ் கடைக்காரர், "சார், கொடுக்கிறதைக் கொடுத்துட்டா ஒரு வாரத்துல முடிஞ்சிரும். நீங்க ஏன் சார் அலையிறீங்க?" என்றாராம். அப்பா கொடுக்கவில்லை. மஞ்சப்பையில் பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் வைத்துக்கொண்டு மூன்று வருடம் போய் வந்தார். யாரும் அவரைத் திட்டவில்லை. "வாங்க வாத்தியாரே, உட்காருங்க" என்றுதான் சொன்னார்கள். அங்கே இருந்தவர்களில் ஒருவர் அவரிடம் படித்தவர்.

நான் பெங்களூருவிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் போன் பேசுவேன். "என்னப்பா, பட்டா வந்துச்சா?" என்று கேட்பேன். கேட்டுவிட்டுச் சிரிப்பேன். அவரும் சிரிப்பார். ஒரு தடவை நான் கொஞ்சம் எரிச்சலாக, "எவ்வளவு கேக்கறாங்க? நான் அனுப்பறேன், கொடுத்துத் தொலைங்க" என்றேன். "காசு எங்கிட்டயும் இருக்குப்பா" என்றார். தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டிருக்கலாம். எனக்கு அந்தச் சட்டம் தெரியும். பத்து ரூபாய், ஒரு பக்கம். ஒரு சனிக்கிழமை உட்கார்ந்திருந்தால் முடிந்திருக்கும். எனக்கு அது தோன்றவே இல்லை. அப்பாவின் பிடிவாதம் என் மனதில் ஒரு வேடிக்கைக் கதையாக ஆகிவிட்டிருந்தது. ஆபீஸ் நண்பர்களிடம் அதைச் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன்.

பட்டா வருவதற்குள் அவர் இறந்துவிட்டார். காரியமெல்லாம் முடிந்து லீவு தீர்வதற்குள் வேலையை முடிக்க வேண்டும் என்று நான் அதே ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். எவ்வளவு என்று கேட்டேன். பேரம்கூடப் பேசவில்லை. வாரிசுச் சான்றிதழ் உட்பட எல்லாம் சேர்த்து 19 நாளில் வந்தது. அம்மா பெயரும் என் பெயரும் போட்ட பட்டா. அம்மா அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்றாள். வேறெதுவும் சொல்லவில்லை.

'தர்பாரி ராக'த்தைப் படித்தது அதற்கு ஒரு வருடம் கழித்து. பஸ்ஸில் புத்தகத்தை மூடி வைத்தது அதனால்தான். லங்கட்டிடம் நகல் வந்துச்சா என்று கேட்டுச் சிரிக்கும் ஊர்க்காரர்களின் குரல் எனக்கு ரொம்பப் பழக்கமான குரலாக இருந்தது.

அப்பா தன் டைரியில் ஆபீஸ் போன ஒவ்வொரு நாளையும் எழுதி வைத்திருக்கிறார். வாத்தியார் கையெழுத்து, ஒரு நாளைக்கு ஒரு வரி. சர்வேயர் முகாம். தாசில்தார் மீட்டிங். அடங்கல் நகல் கேட்டார்கள். அடங்கல் கொடுத்தேன், கையொப்பம் இல்லை என்றார்கள். தேர்தல் வேலை. இப்படி 41 பதிவுகள். பட்டாவில் நான் கொடுத்த தொகை எங்கேயும் இல்லை, அந்த ஆபீஸின் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. அரசாங்கக் கணக்கில் எங்கள் மனு விதிப்படி பரிசீலிக்கப்பட்டு விதிப்படி முடித்து வைக்கப்பட்ட மனு. அந்த மூன்று வருடத்துக்கு இருக்கும் ஒரே ஆவணம் இந்த டைரிதான்.

போன மாதம் ஊருக்குப் போனபோது அந்த 41 பக்கங்களையும் ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டேன். வேறு கடையில்.